சாயத்துக்கு அடியில் உப்பு

தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் இருக்கையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான் குடியிருப்புகளில் தின்னர் வாசனை வீசத் தொடங்கும். வாசல் கேட்டைச் சேண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டு, ஹார்ட்வேர் கடையில் வாங்கிவந்த எனாமல் சாயத்தை அப்பா ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமுமாகப் பூசுவார்கள். ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, துணி காயப்போடும் கம்பி என்று டின்னில் மிச்சம் இருக்கும்வரை வேலை நடக்கும். விருந்தாளிகள் வரும் நாளில் எல்லாம் பளபளக்கும். தைப்பூசத்துக்குள் கேட்டின் கீழ்ச்சட்டத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரியும். சித்திரைப் பிறப்புக்குள் அவை உடைந்து, செம்பழுப்புக் கறை சிமெண்டுத் தரையில் வழிந்திருக்கும். சாயம் மட்டமானது என்று முடிவு கட்டி, அடுத்த ஆண்டு விலை கூடிய டின் வாங்குவார்கள். அதற்கும் அதே கதிதான்.

அந்தக் கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருக்கும். மேலே சாயம் கிழியவில்லை, ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் உள்ளே தண்ணீர் வந்து தங்கியிருக்கிறது. அது எந்த வழியாக வந்தது, எதற்காக வந்தது என்பது தெரிந்துவிட்டால், பழைய இரும்பைப் புதுப்பிக்கும்போது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கவேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். காய்ந்த காற்றில் இரும்பு துருப்பிடிப்பதில்லை. ஆக்ஸிஜன் கரைந்திராத நீரிலும் அநேகமாகத் துருப்பிடிப்பதில்லை. நீரும் ஆக்ஸிஜனும் ஒன்றாகச் சேரும்போது இரும்பின் மேற்பரப்பில் ஒரு மின்கலம் உருவாகிறது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன, அது நேர்மின்வாய். விடுபட்ட எலெக்ட்ரான்கள் இரும்பின் உள்ளேயே ஓடி வேறோர் இடத்தில் வெளிவந்து, ஆக்ஸிஜனோடும் நீரோடும் சேர்ந்து காரத்தை உண்டாக்குகின்றன, அது எதிர்மின்வாய். கரைந்த இரும்பும் காரமும் நீருக்குள் சந்திக்கும் இடத்தில், மேலும் ஆக்ஸிஜன் சேர்ந்து, துரு படிகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ் 1920களில் ஒரே ஒரு துளி உப்புநீரைக் கொண்டு இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார். நன்றாகத் துலக்கிய இரும்புத் தகட்டின் மேல் துளி. அதில் இரண்டு நிறங்காட்டிகள்: ஒன்று இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும், மற்றது காரம் உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். சற்று நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் பிரிந்தன. விளிம்பில் துளி மெல்லியது, காற்றிலிருந்து ஆக்ஸிஜன் எளிதாக இறங்கும். நடுவில் அது எட்டுவதில்லை. இரும்பு கரைந்தது நடுவில். துரு படிந்தது இரண்டுக்கும் இடைப்பட்ட வளையத்தில்.

இந்தச் சிறிய சோதனையில் வீட்டுக்காரருக்கு வேண்டிய இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் செந்தூள் இருக்கும் இடமும் இரும்பு அரிபடும் இடமும் ஒன்றல்ல. ஆக்ஸிஜன் எட்டாத இடம்தான் கரைகிறது: இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கு, சேறு படிந்த மூலை, உரியத் தொடங்கிய பழைய துருப்பொருக்கின் அடி. மேலே படிந்த தூளைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர் அரிப்பு நடக்கும் இடத்தைத் தொடவே இல்லை. இரண்டாவது, இந்த மின்கலம் ஓட வேண்டுமானால் நீர் வழியாக மின்சாரம் பாயவேண்டும். தூய நீரில் அது சரியாகப் பாயாது. உப்பு கரைந்த நீரில் தாராளமாகப் பாயும்.

உப்பில் உள்ள குளோரைடு இன்னொரு வேலையும் செய்கிறது. அது கரைந்த இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகிறது. அது நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. பிறகு இரும்பு துருவாகப் படிய, குளோரைடு மறுபடியும் விடுதலையாகி அடுத்த இரும்பைத் தேடிப் போகிறது. துருப்பிடித்தலில் குளோரைடு செலவாவதே இல்லை. ஒரு குழிக்குள் சிறிதளவு உப்பு மாட்டிக்கொண்டால், அதைக் கழுவி வெளியேற்றும்வரை அது ஓயாமல் வேலை செய்யும்.

இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வெர்னன் 1920களிலும் 30களிலும் காற்றின் ஈரப்பதத்தையும் துருவையும் சேர்த்து ஆராய்ந்தார். ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது, மாசுபட்ட காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரென்று ஏறுவதை அவர் கண்டார். அந்த எல்லைக்குக் கீழே இரும்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. தில்லியின் இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்பதற்கு, அதன் இரும்பிலுள்ள கூடுதல் பாஸ்பரசால் உருவான பாதுகாப்புப் படலம் முக்கியக் காரணம் என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் தில்லிக் காற்றும் அதற்குத் துணை. அந்தத் தூணைக் கிள்ளான் ஆற்றின் கரையில் நட்டிருந்தால் இந்தக் கதை இப்படி இருந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

கோலாலம்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியது. பகலில் வெயில் ஏறும்போது குறையும். இரவில் 90ஐத் தாண்டும். இதோடு உப்பின் குணத்தையும் வைத்துப் பாருங்கள். சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்து திரவமாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே அதைச் செய்யும். கிள்ளான் பள்ளத்தாக்கில் 33 விழுக்காட்டுக்குக் கீழே ஈரப்பதம் இறங்கும் நேரம் என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. கடல் உப்பு படிந்த இரும்பு இங்கே நண்பகல் வெயிலிலும் முழுதாகக் காய்வதில்லை. நம் கைக்குக் காய்ந்ததாகத் தோன்றும் கம்பியின் மேல், கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில் கிள்ளானும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸும் பிரிகின்றன. கடல் காற்று கொண்டுவரும் உப்பு, கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரிலேயே வேகமாகக் குறைந்துவிடும். அதற்கு அப்பாலும் குறைந்த அளவில் பல கிலோமீட்டர் வரும். போர்ட் கிள்ளான், கேரித் தீவு, கேத்தாம் தீவு வீடுகளுக்கு உப்பு அன்றாட விருந்தாளி. கிள்ளான் நகரில் ஆற்றிலேயே கடல் ஏற்றம் வந்துபோகிறது. 1961இல் திறக்கப்பட்ட இரட்டைத் தளக் கோத்தா பாலத்தின் கீழ்த்தளத்தில் நடந்துபோனால், அந்த எஃகுச் சட்டங்களை இத்தனை காலம் காத்துவருவது எவ்வளவு பெரிய வேலை என்பது புரியும். பிரிக்பீல்ட்ஸ் கடலிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அதிகம் உள்ளே இருக்கிறது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த ரயில் பாதை வந்த பிறகு, தலைமுறை தலைமுறையாக ரயில்வே ஊழியர்கள், அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், வாழ்ந்த பகுதி அது. அங்கே இரும்பைக் கெடுப்பது வண்டிப் புகையும் தூசியும் கலந்த ஈரம். இதற்கும் உப்புக் குணம் உண்டு; கந்தகமும் நைட்ரஜனும் சேர்ந்த புகை, ஈரத்தில் சல்பேட், நைட்ரேட் உப்புகளாகப் படியும். ஆனால் கடலோரத்தின் வேகம் அதற்கு இல்லை.

ஐஎஸ்ஓ 9223 என்ற உலகத் தரநிலை, மாசு குறைந்த வெப்பமண்டலக் காற்றில் சாயம் பூசாத எஃகு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரோமீட்டர் ஆழம் அரிபடலாம் என்கிறது. உப்பு கூடிய கடலோரத்தில் இது 50 முதல் 80, மோசமான இடங்களில் 200 வரை போகும். 1000 மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டர். நம் கேட்டுகளில் பயன்படும் சதுரக் குழாயின் தகடு பல நேரம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியதுதான். அரிப்பு சமமாகப் பரவினால் பல ஆண்டு தாங்கும். குழிகுழியாக இறங்கினால் சில ஆண்டுகளில் விரல் நுழையும் ஓட்டை.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிக்கல் பழையது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் 2022இல் போக்குவரத்து நிற்கும்வரை உப்புக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தது. அதற்குப் பக்கத்தில், மண்டபத்தில், கடல் அரிப்பை ஆராய ஒரு களநிலையம் இருக்கிறது. அதை நடத்துவது காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. துருவையும் ஆராயும் ஒரு நிறுவனத்துக்கு ஒருவர் தன் நிலத்தைக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கோலாலம்பூர் அம்பாங் தெருவில் (லெபோ அம்பாங்) கிட்டங்கி என்ற வட்டிக்கடைக் கூடம் வைத்திருந்த நகரத்தார் பலரின் பூர்வீகமும் அந்தச் செட்டிநாட்டுச் சீமைதான்.

இனி கொப்புளத்துக்கு வருவோம். சாயம் ஒரு போர்வை, தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடாது என்றுதான் நம்மில் பலர் நம்புகிறோம். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜே. ஈ. ஓ. மெய்ன் என்ற ஆய்வாளர், அதுவும் கேம்பிரிட்ஜில்தான், சாயப் படலங்களின் வழியே எவ்வளவு நீரும் ஆக்ஸிஜனும் கசிகின்றன என்று கணக்கிட்டுப் பார்த்தார். சாயம் பூசாத இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் அளவுக்கு இரண்டுமே சாயத்தின் வழியே தாராளமாகப் போகின்றன என்று தெரிந்தது. அப்படியென்றால் சாயம் பூசிய இரும்பு ஏன் துருப்பிடிக்காமல் இருக்கிறது? சாயத்தின் வழியே உப்பின் அயனிகள் எளிதில் போக முடிவதில்லை என்பதே மெய்ன் கண்ட விடை. நீர் போனாலும் அயனி போகாததால் மின்சுற்று முழுமையடைவதில்லை. மின்கலம் ஓடுவதில்லை.

உப்பு வெளியே இருந்தால் சாயம் அதைத் தடுத்துவிடும். உப்பு ஏற்கெனவே உள்ளே இருந்தால்? எலுமிச்சைத் துண்டுகளில் உப்பைப் போட்டு வைத்தால் சில மணி நேரத்தில் நீர் விட்டுக்கொள்ளும். அதே சவ்வூடு பரவல்தான் சாயத்துக்கு அடியிலும் நடக்கிறது. உள்ளே உப்பு, வெளியே மழைநீரும் பனியும், நடுவில் நீரை விட்டு உப்பைத் தடுக்கும் சாயப் படலம். நீர் உப்பைத் தேடி உள்ளே ஏறுகிறது, வெளியேற வழியில்லாத உப்பு அதை அங்கேயே பிடித்துவைக்கிறது, அழுத்தம் சாயத்தை மேலே தூக்குகிறது. கொப்புளத்துக்குள் இப்போது உப்புநீர், ஆக்ஸிஜன், வெறும் இரும்பு. எவன்ஸின் துளிக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. விலை கூடிய சாயம் வாங்குவதால் இது மாறுவதில்லை. நன்றாக ஒட்டும் நல்ல சாயம், உள்ளே இருக்கும் உப்பை இன்னும் பத்திரமாகப் பூட்டிவைக்கிறது.

ஆகவே பழைய கேட்டில் முதல் வேலை கழுவுவது. தேய்ப்பதற்கு முன்பே. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் எடுத்து, குழாய் நீரில் நன்றாக அலசவேண்டும். உப்பும் பிசுக்கும் மேலே இருக்கையில் சேண்ட் பேப்பர் போட்டால் அவை கீறல்களுக்குள் அழுத்தப்பட்டுவிடும். காய்ந்த பிறகு கம்பி பிரஷும் சுரண்டியும் கொண்டு, தட்டினால் உதிரும் துருவையும் தூக்கி நிற்கும் சாயத்தையும் எடுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய சாயத்தை முழுதாக எடுக்கவேண்டியதில்லை. அதன் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து விடுவது போதும். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டி ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சக்கரம் அதிக நேரம் ஒரே இடத்தில் சுழன்றால் துரு உதிராமல் மெருகேறிவிடும். பார்வைக்குக் கருத்து மின்னும் உலோகம் போலத் தெரியும், ஆனால் அது தேய்த்துப் பூசப்பட்ட துரு. அதன் மேல் எந்தச் சாயமும் சரியாகப் பிடிக்காது. மெருகு தெரிந்தால் 80ஆம் எண் சேண்ட் பேப்பரால் கையால் ஒருமுறை தேய்த்து மங்கலாக்குங்கள்.

பிறகு மறுபடியும் கழுவுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. என் கணிப்பில் மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியமானதும் இதுதான். துருப்பொருக்கு போன பிறகுதான் குழிகளின் வாய் திறக்கிறது. உள்ளே இருக்கும் குளோரைடு அப்போதுதான் நீருக்கு எட்டுகிறது. நைலான் பிரஷால் குழிகளைத் தேய்த்துக்கொண்டே நிறைய நீரை ஓட விடவேண்டும். வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்து, மழை படாத இடத்தில் ஓர் இரவு அப்படியே விட்டுப் பாருங்கள். கிள்ளானின் இரவு ஈரமே உங்களுக்குச் சோதனைக்கூடம். உப்பு மிச்சமிருக்கும் குழிகள் மட்டும் காலையில் கருத்தும் ஈரமாகவும் பழுப்புப் புள்ளிகளாகவும் எழுந்து நிற்கும். மற்ற பரப்பு பெரிதாக மாறியிருக்காது. புள்ளிகள் இருந்தால் அங்கே மீண்டும் கழுவல். இல்லையென்றால் மெல்லிய சேண்ட் பேப்பரால் ஒரு சுற்று தேய்த்து, அன்றைக்கே பிரைமர். துலக்கிய இரும்பை வைத்துக் காத்திருக்கக் கூடாது.

கழற்றி எடுக்க முடிந்த சிறிய சாமான்களை, கீல், தாழ்ப்பாள், பழைய சாவித் துண்டு போன்றவற்றை, வினிகரில் ஓர் இரவு ஊறவைக்கலாம். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் சுமார் 5 விழுக்காடுதான். துருவை மெதுவாகக் கரைக்கும். சிட்ரிக் அமிலத் தூள் இன்னும் சிறப்பு, கரைந்த இரும்பைப் பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. புளியும் இதே வேலையை அதன் டார்டாரிக் அமிலத்தால் செய்கிறது. எதுவானாலும் பிறகு நீரில் நன்றாக அலசி உடனே காயவைக்கவேண்டும். துத்தநாகம் பூசிய ஆணி, திருகு எதையும் இதில் போடாதீர்கள், காக்கும் பூச்சுதான் முதலில் கரையும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துருவின் மேல் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நிமிடங்களில் துரு மறையும் என்பது உண்மை. ஆனால் அந்த அமிலத்திலேயே குளோரைடு இருக்கிறது. எதைக் கழுவி வெளியேற்ற இத்தனை பாடுபடுகிறோமோ அதையே ஒவ்வொரு குழிக்குள்ளும் ஊற்றி நிரப்பும் வேலை இது. தெரியாமல் அது பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு வேறு வரும். வேண்டவே வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் துரு மாற்றிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவற்றில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். முதலாவது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். இரண்டாவது நீலக்கருமையான இரும்பு டானேட்டாக மாற்றும். இந்த இரண்டாவது வேதியியல் நமக்குப் பழக்கமானது. கலம்காரித் துணியில் கருப்புக் கோடு இதே முறையில்தான் பிறக்கிறது: வெல்லம் கரைத்த நீரில் பழைய இரும்பை ஊறப்போட்டு நொதிக்கவிட்டு எடுத்த கரைசல், கடுக்காய் ஏற்றிய துணியைத் தொட்டவுடன் கருக்கும். கடுக்காயின் டானினும் கரைந்த இரும்பும் சேர்வதால் வரும் கருமை அது. இரும்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு இந்த மாற்றி உதவும். தடித்த பொருக்கின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் கருத்து, அடியில் எல்லாம் பழையபடியே இருக்கும். உப்பை எந்த மாற்றியும் மாற்றுவதில்லை.

பழைய வீடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பகுதிகளின் பழைய வீடுகளில் உள்ள கிரில்களிலும் கடைவீடுகளின் பின்சந்துச் சுழல் படிக்கட்டுகளிலும் பல அடுக்குச் சாயம் இருக்கலாம். அடியில் இருக்கும் ஆரஞ்சுச் சிவப்புப் பூச்சு ரெட் லெட் எனப்படும் செவ்வீயமாக இருக்கக்கூடும். துருவைத் தடுப்பதில் அது கெட்டிக்காரப் பூச்சு. ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பாலங்களுக்கும் ரயில்வே இரும்புக்கும் அதைத்தான் பூசினார்கள். மஞ்சள், பச்சை எனாமல்களில் ஈயக் குரோமேட்டும் இருந்திருக்கும். இது பழங்கதை மட்டும் இல்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 2016இல் மலேசியச் சந்தையில் விற்ற எனாமல் சாயங்களைச் சோதிக்கச் செய்தபோது, பலவற்றில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. அமெரிக்கா 2009 முதலும் இந்தியா 2017 நவம்பர் முதலும் வீட்டுச் சாயத்தில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தியிருக்கின்றன. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதையும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதில்லை. சந்தேகம் இருந்தால் சாயத்தை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, கிரைண்டர் கூடவே கூடாது, சூட்டுத் துப்பாக்கியும் கூடாது. நீர்ச் சேண்ட் பேப்பரால் ஈரமாகத் தேய்த்து, கீழே பிளாஸ்டிக் விரித்து, கழிவைக் கட்டி எடுத்துப் போடுங்கள். தூசியை வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம். தீபாவளி வேலைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடும் வழக்கம் எனக்கும் பிடித்ததுதான், ஆனால் பழைய சாயம் சுரண்டும் இந்தக் கட்டத்தில் அவர்கள் வேறு அறையில் இருக்கட்டும். புதுச் சாயம் பூசும்போது வரலாம்.

அடுத்தது பிரைமர். ரெட் ஆக்சைடு என்று நாம் வாங்கும் செங்காவிப் பூச்சின் நிறமி, இரும்பு ஆக்ஸைடுதான், துருவின் உறவினர். அது ஓர் அடைப்பு மட்டுமே, துருவை எதிர்த்துத் தானாக எதையும் செய்வதில்லை. டின்னின் மேல் துத்தநாகப் பாஸ்பேட் என்று எழுதியிருந்தால் அந்தப் பிரைமர் இரும்பின் மேல் ஒரு தடுப்பையும் உண்டாக்கும். கிள்ளான் பக்கம் அதற்குக் கூடுதலாகச் சில ரிங்கிட் கொடுப்பது தகும். எனாமல் ஒரு பூச்சு காய்ந்தால் 30 மைக்ரோமீட்டர் அளவில் நிற்கும். கூர்மையான விளிம்பில் அதுவும் நிற்பதில்லை. ஈரச் சாயம் தன் மேற்பரப்பு இழுவிசையால் விளிம்பை விட்டு விலகிவிடும். கேட்டுகள் எப்போதும் ஓரத்திலும் வெல்டிங் மூட்டிலும் முதலில் துருப்பிடிப்பதற்கு அதுதான் காரணம். கூர்மையை அரத்தால் சற்று உருட்டிவிட்டு, முழுப் பூச்சுக்கு முன்னால் விளிம்புகளுக்கும் மூட்டுகளுக்கும் மட்டும் சிறிய தூரிகையால் தனியாக ஒரு பூச்சு கொடுங்கள். பாலம் கட்டும் பொறியாளர்கள் விடாமல் செய்யும் காரியம் இது.

சதுரக் குழாய்க் கேட்டுகளில் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வருகிறது. வெல்டிங்கில் விட்ட சிறு துளை வழியே மழைநீர் உள்ளே போய்க் கீழ்ச்சட்டத்தில் தேங்கும். வெளியே எத்தனை முறை சாயம் பூசினாலும் அதை எட்டாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவைச் சுற்றி வெள்ளம் ஏறியபோது, வீடுகளின் கேட்டுக் குழாய்களுக்குள் சேற்று நீர் புகுந்தது. வெளியே கழுவிய வீடுகளிலும் உள்ளே சேறு தங்கியே இருக்கும். கீழ்ச்சட்டத்தின் அடியில் இரண்டு முனைகளிலும் சிறு துளை இட்டு, மேலிருந்து நீரை விட்டு அலசி, வடியவிட்டு, துளையின் ஓரத்துக்கும் பிரைமர் தொடுவது இதற்கு வழி. சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் அந்தத் துண்டு தேறாது. அதை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு வைக்க வெல்டிங் பட்டறைக்குச் சொல்லிவிடுங்கள், சாயத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய்க்கும் கூரைத் தகட்டுக்கும் வேறு விதி. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பதால், அது தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. புது ஜி.ஐ. மேல் சாதாரண எனாமலை நேராகப் பூசினால், எனாமலிலுள்ள எண்ணெயின் கொழுப்பு அமிலமும் துத்தநாகமும் சேர்ந்து மெல்லிய சோப்புப் படலம் ஆகிவிடும். சாயம் சில மாதங்களில் தாள் போல உரிந்து வரும். ஜி.ஐ.க்கு என்றே விற்கும் பிரைமரை முதலில் பூசவேண்டும். சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட்டு துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கியவர்களுக்கும் ஒரு சொல்: வெல்டிங் சூட்டில் நிறம் மாறிய பகுதியைச் சுத்தம் செய்யாமல் விட்டாலும், பக்கத்தில் சாதாரண இரும்பை அறுத்த பொறி அதன் மேல் தெறித்தாலும், பழுப்புப் புள்ளி வரும்.

நாள் பார்ப்பதுதான் மிச்சம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை அதிகம் பெய்யும் மாதங்களில் அக்டோபரும் நவம்பரும் முன்னே நிற்கின்றன, தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். 27 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 டிகிரி. இரவில் திறந்தவெளியில் நிற்கும் இரும்பு அந்த அளவுக்கு எளிதாகக் குளிர்ந்து வியர்த்துவிடும். பூசும் நேரத்தில் இரும்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்கவேண்டும் என்பது தொழில் விதி. காலை பத்து மணிக்கு மேல், வெயில் பட்டுக் காய்ந்த பிறகு தொடங்கி, ஒரு மணிக்குள் தூரிகையைக் கீழே வைத்துவிடுவது நம் ஊருக்குப் பொருந்தும். கழுவுதல், சுரண்டல், பிரைமர் ஆகிய கனமான வேலைகளை மழை குறையும் ஜூன், ஜூலையிலேயே முடித்துவிடலாம். தீபாவளிக்கு மேல்பூச்சு ஒன்று மட்டும் மிச்சம் வைத்தால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே காலையில் பூசி முடிப்பார்கள். ஜூனில் போட்ட பிரைமர் அதுவரை வெறுமையாக நிற்கக் கூடாது. அதன் மேல் உடனே ஒரு பூச்சு எனாமல் வேண்டும், தீபாவளியில் அதைக் கழுவி லேசாகத் தேய்த்து இரண்டாவது பூச்சு.

பூசிய பிறகும் உப்பு வந்துகொண்டேதான் இருக்கும். மழை நேராகப் படும் முகங்களை மழையே கழுவிவிடுகிறது. கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கம், கார் நிறுத்தும் கூரைக்கு உள்ளே இருக்கும் கிரில், ஜன்னல் மறைப்பின் கீழுள்ள கம்பிகள் ஆகியவற்றை மழை எட்டுவதில்லை. உப்பு அங்கேதான் சேரும். காரைக் கழுவும் நாளில் அதே குழாயை இந்த இடங்களின் பக்கம் இரண்டு நிமிடம் திருப்புங்கள். போர்ட் கிள்ளான் பக்கம் வாரத்துக்கு ஒரு முறை, பிரிக்பீல்ட்ஸில் மாதத்துக்கு ஒரு முறை. சோப்பு வேண்டாம், வெறும் நீர் போதும். காலையில் செய்தால் மாலை மழைக்கு முன் காய்ந்துவிடும்.